கேள்வி மட்டும் கேட்கும் வேலை

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்பெனிகளுக்குப் போய்ப் பேசுவாள்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கோச் என்று சொன்னால் உடனே எந்த விளையாட்டுக்கு என்கிறார்கள். மேனேஜர்களுக்கும் டைரக்டர்களுக்கும் கோச் என்று விளக்கினால், "அவங்களுக்கு எதுக்கும்மா? அவங்கதானே மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றவங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அக்காவிடம் கேட்டால் அதற்கும் ஒரு கேள்வியைத்தான் பதிலாகத் தருவாள்.

அதுதான் அவள் தொழில். பெரிய பதவியில் இருப்பவரின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது. யோசனை சொல்லக் கூடாது. "இப்படிச் செய்யுங்கள்" என்று வாய் தவறியும் வரக் கூடாது. பதில் அவருக்குள்ளேயே இருக்கிறது, அவரே அதை எடுத்துக்கொள்ள வேண்டும், நாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் நெளிவார், தண்ணீர் குடிப்பார், ஜன்னலைப் பார்ப்பார். அக்கா அசைய மாட்டாள். கடைசியில் தாங்க முடியாமல் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார். நான் அப்படி என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தால் அவர் தூங்கிவிடுவார்.

வீட்டிலும் அவளுக்கு அதே பழக்கம். ஒரு நாள் அத்தான் அடுப்படியிலிருந்து, "டீ போடவா, வேண்டாமா?" என்று கேட்டார். அக்கா சோபாவில் சாய்ந்தபடி, "இப்ப உங்களுக்கு எது தேவைன்னு தோணுது?" என்றாள். "எனக்கு விவாகரத்து தேவைன்னு தோணுது," என்றார் அத்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. உள்ளங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "பாதி டீ போடுங்க," என்றாள்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஒரு பெரிய அச்சகத்தில், ஆள் எடுக்கிற பிரிவில் இருந்தாள். ஆள் எடுக்கிற பிரிவு என்று பெயர்தான். கடைசிச் சில வருடங்கள் ஆளை அனுப்புகிற வேலையைத்தான் அவள் தலையில் கட்டினார்கள். மேலே இருப்பவர்கள் முடிவெடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எதிரே உட்கார்ந்து அழுகிறவருக்குத் தண்ணீர் நீட்டுவது இவள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஆளை அனுப்பற வேலை போதும்டி. இனிமே ஆளை நிக்க வைக்கற வேலை பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு இந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் "பெருமைன்னா உனக்கு என்ன?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்கு எல்லா வேலைக்கும் நான்தான். யாரை எப்போது பார்ப்பது என்று நாள் குறிப்பது, கம்பெனிகளோடு போனில் மல்லுக்கட்டுவது, அவள் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து காரோட்டுவது. அவள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பேன். எல்லாக் கம்பெனியிலும் ஒரே அறைதான். கண்ணாடிச் சுவர், சுழலும் நாற்காலி, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு செடி. அவள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே எத்தனை பேர் அழுதார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றுவாள், இருக்கையைப் பின்னால் சாய்ப்பாள், பேசாதே என்று கையைக் காட்டுவாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள், அது தொழில் சத்தியம். ஊர்க்கவலை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு யாரிடமும் இறக்கி வைக்க முடியாமல் அவள் கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். "நீ என்ன குப்பைத் தொட்டியா?" என்று கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒருவர் விஷயத்தில் மட்டும் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. இனி நான் சொல்லப் போவதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் கண்ணால் பார்த்தது.

மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனி அது. அங்கே உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர் ஒருவர். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் குக்கர். எப்போது வெடிப்பார் என்று தெரியாது, ஆனால் அதற்குமுன் ஒரு மாதிரி மூச்சு வாங்குவாராம். "இன்னிக்கு எத்தனை விசில்?" என்பதுதான் அங்கே ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் கேட்கும் முதல் கேள்வி. இதை எனக்குச் சொன்னது வரவேற்பறைப் பெண். வேலையில் அவர் புலி. அந்தக் கம்பெனியின் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் அவர் வந்து இறக்கி வைத்தது. ஆனால் அவர் கத்துகிற கத்தலில் நல்ல ஆட்கள் வேலையை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி, குக்கர், அக்கா மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அது வழக்கம். கம்பெனி என்ன எதிர்பார்க்கிறது என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், ஒளிவுமறைவு கூடாது. எச்.ஆர். அதிகாரி தேனொழுகப் பேசினார். சார் எங்கள் சொத்து, கொஞ்சம் கோபத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும் என்றார். பேச்சு முடிந்து அக்காவை லிஃப்ட் வரை கொண்டுவிட வந்தபோது குரலைத் தாழ்த்தி, "ரிசல்ட் எப்படி இருந்தாலும் பரவால்ல மேடம். நாங்க எல்லா முயற்சியும் பண்ணினோம்னு இருக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். சிலரைத் தூக்கிவிடுவதற்காகக் கோச்சிடம் அனுப்புவார்கள். சிலரைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் ஒரு கண்துடைப்புக்காக அனுப்புவார்கள். இரண்டாவது வகை என்றால் அக்கா அங்கேயே நின்று, "இதை அவர் முன்னாடி சொல்லுங்க, இல்லைன்னா நான் வரலை," என்று சொல்லிவிடுவாள். முன்பு இரண்டு கம்பெனிகளில் சொல்லியும் இருக்கிறாள். அன்றைக்குச் சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டாள்.

ஏன் என்று பின்னால் கேட்டேன். "களைப்பா இருந்துச்சுடி," என்றாள் முதலில். பிறகு, "அவர் மாறிட்டா அவங்க மனசும் மாறிடும்னு நினைச்சேன்," என்றாள். கோச்சுகள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. வேறு யாராக இருந்தாலும், முதலாளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வந்ததுதான் என்று தெரிந்திருக்கும். இவளுக்குத் தன் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை.

வேடிக்கை என்னவென்றால் அவர் மாறத்தான் செய்தார்.

முதல் சில சந்திப்புகள் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒரு பயிற்சி. அக்கா மற்றவர்களுக்கும் கொடுப்பதுதான். நடக்கவே கூடாது என்று நீங்கள் பயப்படுகிற ஒரு விஷயம் நடந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு உடம்பில் எங்கே என்ன செய்கிறது என்று சொல்லுங்கள் என்பாள். அவர் கண்ணை மூடி, ஒரு இயந்திரம் நின்றுபோனதாக நினைத்து, நெஞ்சு அடைக்கிறது என்றார், கழுத்து சூடாகிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது கோவம் இல்ல மேடம், பயம்," என்றார். அன்றைக்கு அவர் வெளியே வரும்போது நான் பார்த்தேன். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. தொழிற்சாலையில் கத்த வேண்டிய இடத்தில் போய் நின்று, "நீ என்னப்பா நினைக்கறே?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் எல்லாரும் பயந்தார்கள். இது வேறு ஏதோ புது மாதிரி விசில் என்று நினைத்தார்கள். மெல்ல மெல்லப் பதில் சொன்னார்கள். வீட்டில் மகளிடமும் கேட்டாராம். அந்தப் பெண் அவர் எதிரே உட்கார்ந்து பேசியே வருடக்கணக்காகிவிட்டிருந்தது. அதை அக்காவிடம் சொல்லும்போது அவர் மூக்கைச் சிந்தினார் என்றாள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். டிரைவர் வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் கம்பெனியில் வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் அவருக்கு வேறொரு சின்னக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன், வரவில்லை என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். நேரே அக்காவிடம் வந்து கேட்டார். "மேடம், இருக்கட்டுமா, போகட்டுமா?" கம்பெனியின் எண்ணம் என்ன என்று அக்கா அப்போது சொல்லியிருக்கலாம். தொழில் வழக்கப்படி, "இருந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும், போனா என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள். அவர் யோசித்து, "இப்பத்தான் மேடம் இங்க என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கறாங்க. இப்பப் போய் எப்படி விட்டுட்டுப் போறது?" என்றார். அக்கா தலையாட்டினாள். அன்று வண்டியில் ஏறியவள் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள்.

அவர் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளன்று அங்கே மறுபடி சந்திப்பு இருந்தது. முடிந்து அக்கா வெளியே வரும்போது எச்.ஆர். அதிகாரி அவளை ஓரமாக அழைத்துப் போனார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார், அக்கா சுவரில் கை வைத்து நின்றாள். சாரின் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்று, அடுத்த மாதம் வருகிறார், நீங்கள் உங்கள் கடமையை நன்றாகச் செய்தீர்கள், அவரிடம் நாங்களே நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம் என்று சொன்னாராம்.

"அவர் மாறிட்டாரே," என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"ஆமா மேடம், ரொம்ப சந்தோஷம். போற இடத்துல அவருக்கு உதவும்."

கீழே வந்து வண்டியைக் கிளப்புகிறேன், குக்கர் ஓடி வந்தார். அவர் கார் பணிமனையில் இருக்கிறதாம், போகிற வழியில் இறக்கிவிட முடியுமா என்றார். "ஏறுங்க சார்," என்றாள் அக்கா. பின்னால் ஏறி உட்கார்ந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். போக்குவரத்து நெரிசலைப் பார்த்துக்கூடச் சிரித்தார். "இறங்கினதும் முதல் வேலை, அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடணும் மேடம். சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. சொல்லிட்டா மனசு லேசாயிடும்."

அக்கா இருக்கையைச் சாய்க்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள். சிக்னல் விழுந்ததும் பின்னால் திரும்பினாள்.

"சார், அந்த வேலைக்கு வரேன்னு சொல்லிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் அவள் ஒருவருக்கு இதைச் செய் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் சிரித்தார். "என்ன மேடம், புதுசா இருக்கு?"

"உங்களை அனுப்பப் போறாங்க. உங்க இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. அடுத்த மாசம் வர்றார்."

அவர் சிரிப்பு நின்றது. பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "ம், புரிஞ்சுது மேடம்," என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார், இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னை அனுப்பிட்டாங்க," என்று ஆரம்பித்தார். "வயித்துல ஏதோ பிசையுது. கை சில்லுனு இருக்கு. முதல்ல கோவம் வருது. ஆனா அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தா..."

பயிற்சி என்று நினைத்துவிட்டார். அக்கா கொடுக்கும் பாடத்தை அவ்வளவு சிரத்தையாகப் படித்த மாணவர் வேறு யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று விடாமல், சொன்ன வரிசையில் செய்துகொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்து பின்னாலிருக்கும் வண்டிகள் ஹாரன் அடித்தன. எனக்குப் பொறுக்க முடியவில்லை. சிக்னலைத் தாண்டி ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"சார், கண்ணைத் திறங்க," என்றேன். "இது பயிற்சி இல்ல. நிஜமாவே அனுப்பப் போறாங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு அக்காவை. அவள் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு எப்ப மேடம் தெரியும்?"

"ஆள் எடுத்தது இன்னிக்குத்தான் தெரியும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யும் இல்லை. நிறுத்தடி, நிறுத்தடி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஆனால் அக்கா, "அனுப்பணும்னு நினைக்கறாங்கன்னு முதல் நாளே தெரியும்," என்றாள்.

"அப்ப இத்தனை மாசமா எதுக்கு என்னை உக்கார வெச்சுக் கேட்டீங்க?"

"நீங்க மாறினா அவங்களும் மாறுவாங்கன்னு நம்பினேன் சார்."

"நான் மாறினேனா?"

"மாறினீங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். மூச்சு வாங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒரு தடவை பழைய மாதிரி கத்தியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "இங்கயே இறங்கிக்கறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு வழக்கம்போல வணக்கம் சொன்னார். அக்காவுக்குச் சொல்லவில்லை. ஷட்டர் போட்ட ஒரு கடைக்கு முன்னால் நின்று போனைக் காதில் வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த போன்தானா என்று தெரியவில்லை. அந்த போனாக இருக்க வேண்டுமே என்று அந்தத் தெரு முனை திரும்பும்வரை வேண்டிக்கொண்டேன்.

அந்த போன்தான். அவர் புது வேலைக்குப் போய்விட்டார். அக்கா தானே போய் எச்.ஆர். அதிகாரியிடம், "நான்தான் சொன்னேன்," என்றாள். அவர் அப்போதும் சிரித்தாராம். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து எங்களுக்கு அழைப்பில்லை, அவர்களுக்கு வேண்டப்பட்ட வேறு சில கம்பெனிகளிலிருந்தும் நின்றுபோனது. போனால் போகிறது, கொஞ்சம் கால் நீட்டிப் படுத்துக்கொள் என்று நான் சொன்னேன். அவருக்கு எப்படியும் ஒரு நல்லது செய்தோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பெண்மணி என் எண்ணுக்கு போன் செய்தார். குக்கரின் மனைவி. மேடமிடம் பேச வேண்டும் என்றார். வண்டியில்தான் இருந்தோம், ஸ்பீக்கரில் போட்டு அக்கா மடியில் வைத்தேன்.

"அவர் நல்லா இருக்காராம்மா?" என்றாள் அக்கா.

"வேலை நல்லாத்தான் இருக்கு மேடம். மரியாதையா நடத்தறாங்க. வீட்டுல கத்தறதே இல்ல. ஆனா யாராவது பொறுமையா உக்காந்து கேட்டா அவருக்கு ஆக மாட்டேங்குது. புது ஆஃபீஸ்ல பெரியவர் கூப்பிட்டு, எப்படி இருக்கீங்க, ஏதாவது கஷ்டம் இருக்கான்னு கேட்டாராம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. நேத்து எங்க பொண்ணு பக்கத்துல உக்காந்து, ஏன்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்கன்னா. 'உன்னை யாரு கேக்கச் சொன்னா?'ன்னு கேக்கறார் மேடம். பெத்த பொண்ணை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்?"

அவள் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடம் கேட்டவள். ஆனால் அது வரவில்லை. "தப்பு என்னோடதும்மா," என்றாள் அக்கா. "அவர்கிட்ட கொஞ்ச நாள் எதுவும் கேக்காதீங்க. பொண்ணுகிட்டயும் சொல்லுங்க. பக்கத்துல போய் உக்காந்து உங்க கதையை நீங்க சொல்லுங்க. இன்னிக்கு என்ன நடந்துச்சு, யார் வந்தாங்க, எதுக்குக் கோவம் வந்துச்சுன்னு. கேள்வி மட்டும் வேண்டாம்."

"சரி மேடம்," என்றார் அந்தப் பெண்மணி. குரலில் நம்பிக்கை இல்லை.

போனை எடுத்துப் பையில் போட்டேன். அடுத்த கம்பெனிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. புது இடம், முதல் சந்திப்பு, கணக்குப் பிரிவின் தலைவராம். "ரத்து பண்ணிடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இவரை எதுக்கு உன்கிட்ட அனுப்பறாங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"உண்மையைச் சொன்னாங்களா?"

"தெரியலடி," என்றாள் அக்கா. நான் வண்டியை எடுத்தேன்.